எழுத உட்கார மறுக்கும் 6 வயதுக்காரி: கடிதம் எழுத வைத்தால் கையெழுத்து திருந்துமா?

மார்ச் 4, ஒரு வாசகரின் கேள்வி

மகளுக்கு 6 வயது. வாய் ஓயாமல் பேசுகிறாள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பென்சிலை எடுக்கச் சொன்னால் மட்டும் தாகம், வயிற்று வலி, தூக்கம் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் தாள்களும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேர அழுகை. கடிதம் எழுத வையுங்கள், கையெழுத்து தானாகத் திருந்தும் என்று ஒருவர் சொன்னார். ஒரு வரி 'க' எழுத மாட்டேன் என்பவள் கடிதம் எழுதுவாளா? யாராவது செய்து பார்த்தீர்களா?

மார்ச் 4, இரவு

செய்து பார்த்தேன். முதலில் மகளிடம், பிறகு மகனிடம். பாதி சரியாக வந்தது, பாதி சொதப்பல். இரண்டையும் சொல்கிறேன்.

முழுக் கடிதமெல்லாம் எழுத மாட்டாள், அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு சொல் எழுதுவாள். அதுவும் படிக்க ஓர் ஆள் காத்திருந்தால்தான்.

என் வீட்டில் ஆரம்பித்தது தற்செயலாக. நான் போனில் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். மகள் இரண்டு முறை கூப்பிட்டாள், கையைக் காட்டி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கிழிந்த தாளை என் முழங்காலில் வைத்தாள். 'பசி'. அவ்வளவுதான். ப ஒரு பெட்டி அளவு, சி அதற்குக் கீழே எங்கோ. அழுத்திய அழுத்தில் தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து கைக்குத் தட்டுப்பட்டது. போனை வைத்துவிட்டு எழுந்தேன். வாயால் கூப்பிட்டு அசையாத ஆள் இரண்டே எழுத்தில் எழுந்துவிட்டான் என்பதை அவள் கவனித்தாள். மறுநாள் எனக்கு 11 சீட்டுகள் வந்தன.

அப்புறம் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் பிளவு வெட்டித் தபால்பெட்டி ஆக்கினோம். இரவு போட்டால் காலையில் பதில். அந்தப் பதில்தான் முக்கியம், மற்றதெல்லாம் அலங்காரம்.

மார்ச் 5

எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தார்கள். ஐந்து நிமிடம். அவளாக நீட்டினால் நீளட்டும்.

மார்ச் 7

கடிதம் என்றதும் நமக்கு நினைவு வருவது 'அன்புள்ள', 'நலம், நலமறிய ஆவல்', 'இப்படிக்கு'. நானும் அதில்தான் விழுந்தேன். முறையாகவே பழகட்டும் என்று 'அன்புள்ள பாட்டிக்கு' என்று தொடங்கச் சொன்னேன்.

இப்போது அந்தச் சொல்லைக் குழந்தையின் கண்ணால் பாருங்கள். அ: நமக்குக் கை பழகிவிட்டதால் தெரிவதில்லை, முதலில் எழுதுகிறவருக்கு அது ஒரு மலைப்பாதை. ன்: சுழி இரண்டா மூன்றா? பு: வால் கீழே இறங்க வேண்டும். ள்ள: ஒன்றுக்குப் புள்ளி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. பாட்டி வருவதற்குள் பென்சில் மேசைக்கு அடியில் போய்விட்டது. மூன்று நாள் 'அன்புள்ள'விலேயே நின்றது. அவளுக்குப் பாட்டியிடம் சொல்ல வேண்டியிருந்தது ஒரே செய்தி: பல் ஆடுகிறது.

நான்காம் நாள் நான் வாயை மூடிக்கொண்டேன். 'பாட்டி பல் ஆடுது' என்று எழுதி, கீழே வாயைத் திறந்த ஒரு முகம் வரைந்து, ஆடும் பல்லுக்கு மட்டும் சிவப்பு அடித்தாள். இரண்டு நிமிட வேலை. ஆடுகிறது இல்லை, ஆடுதுதான். பேசுகிற மாதிரியே எழுதினாள், எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

கு, து, பு, மு, ரு இதெல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வாலை வீசும் எழுத்துகள். ஒன்று தெரிந்தால் மற்றது வராது, தனித்தனியாகத்தான் கை பழக வேண்டும். கடிதத்தில் எனக்கு, உனக்கு, எப்போது, அது, இது என்று இவையே திரும்பத் திரும்ப வரும். பயிற்சி நோட்டில் 20 முறை எழுத வேண்டிய கு, ஒரு வாரச் சீட்டுகளில் தானாக 20 முறை வந்துவிடுகிறது. அவளுக்கு எண்ணத் தெரியாத வரை நமக்கு லாபம்.

'நலமறிய ஆவல்' பிறகு எப்படியோ காதில் விழுந்து, ஆவல் யார் என்று கேட்டாள். பாட்டி வீட்டில் இருக்கும் யாரோ என்று நினைத்துவிட்டாள். கொஞ்ச நாள் 'ஆவலைக் கேட்டதாகச் சொல்லவும்' என்று எழுதினாள். நாங்கள் திருத்தவில்லை, பாட்டியும் 'ஆவல் சௌக்கியம்' என்று பதில் போட்டுவிட்டார்.

மார்ச் 8

புள்ளிக்கோட்டுத் தாள்களைப் பற்றி. என் கணக்கில் அது காசைக் கரியாக்குவது. பிள்ளை எழுத்தைப் பார்ப்பதே இல்லை, அடுத்த புள்ளியைத்தான் பார்க்கிறது.

2012-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் என்பவர் ஓர் ஆய்வு செய்தார். இன்னும் படிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகள் ஓர் எழுத்தைப் பார்த்துச் சொந்தமாக எழுதினார்கள், புள்ளிக்கோட்டின் மேல் எழுதினார்கள், விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். படிக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள், கையால் சொந்தமாக எழுதிப் பழகிய எழுத்துக்குத்தான் விழித்தன. புள்ளிக்கோடும் தட்டலும் அந்த அளவுக்கு எழுப்பவில்லை. கோணல்மாணலாக எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்: ஒவ்வொரு முறையும் எழுத்து கொஞ்சம் வேறு மாதிரி வருவதால், எதுவரை மாறினாலும் அது 'க'தான் என்பது பிள்ளைக்குப் பிடிபடுகிறது.

மார்ச் 8, ஒரு மணி நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் ஓவர். அது சிறிய ஆய்வு, ஆங்கில எழுத்துகளை வைத்துச் செய்தது. புள்ளிக்கோட்டுத் தாளைக் கொளுத்தச் சொல்லவில்லை.

அதோடு என் மகன் விஷயத்தை வசதியாக மறந்துவிட்டேன். அவனுக்கு 'இ' எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. நான் பெரிதாக எழுதிய இ-யின் மேல் விரலால் நாலைந்து முறை ஓட்டிய பிறகுதான் வழி பிடித்தான். ஆக, புது எழுத்துக்கு முதல் இரண்டு மூன்று நாள் மேலே எழுதட்டும். வழி தெரிந்ததும் தாளை எடுத்துவிடுங்கள். காசைக் கரியாக்குவது என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பாதி வாபஸ்.

மார்ச் 12

கையெழுத்தை யார் திருத்துவது என்பதற்கு வருகிறேன். நான் திருத்தினால் அழுகை. படிக்கிறவர் குழம்பினால் சிரிப்பு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதற்குள் எல்லாம் இருக்கிறது.

மகளுக்குச் சுழி போடப் பிடிக்கும். ஒற்றைக்கொம்பு போட வேண்டிய இடத்தில் எல்லாம் இரட்டைக்கொம்பு போடுவாள், பார்க்க அழகாக இருக்கிறதாம். தாத்தாவுக்கு 'எனக்குப் புதுப் பேட்டி' என்று எழுதினாள். பெட்டியைத்தான் சொன்னாள். தாத்தா சும்மா இருப்பாரா? 'மிக்க மகிழ்ச்சி. யாரைப் பேட்டி எடுத்தாய்? அவர் என்ன சொன்னார்?' என்று பதில். அவள் சீட்டை என்னிடம் கொண்டுவந்து, தாத்தாவுக்கு ஏன் புரியவில்லை என்று கேட்டாள். இரண்டு கொம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 'பேட்டி இல்லை பெட்டி பெட்டி பெட்டி' என்று அடுத்த கடிதம். மூன்று ஒற்றைக்கொம்பு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுழியோடு, கோபத்தில் கறுத்து.

அதைவிடச் சுவையானது புதையல் சீட்டு. ஒரு பொருளை ஒளித்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று சீட்டில் எழுதி வைப்பாள், நான் தேட வேண்டும். ஒரு நாள் சீட்டில் 'பாட்டி மடியில்' என்றிருந்தது. அப்போது என் அம்மா வந்திருந்தார். போய், எழுந்திருங்கள் அம்மா, மடியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவரும் எழுந்து உதறினார். ஒன்றும் இல்லை. பிள்ளை தரையில் விழுந்து சிரிக்கிறது. பொருள் மாடியில், பாட்டி படுக்கும் அறையில் இருந்தது. ஒரு துணைக்கால் விட்டுப்போனதில் ஒரு கிழவி எழுந்து நிற்க வேண்டியதாயிற்று என்று அம்மா சொன்னார். அன்று மாலை வரை அவள் எழுதிய சீட்டுகளில் துணைக்கால் தேவையில்லாத இடத்திலும் இருந்தது. தவறில்லை, அடங்கிவிடும் என்று விட்டேன். அடங்கிவிட்டது.

நீங்கள் படிக்கும்போது ஒரு விதிதான்: எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே நம்ப வேண்டும். 'என்ன எழுதியிருக்கிறாய், கோழி கிறுக்கின மாதிரி' என்று சொன்னால் ஆட்டம் முடிந்தது.

மார்ச் 13

'அப்போது திருத்தவே கூடாதா?' என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். நேற்று எழுதியதில் அப்படித்தான் தொனிக்கிறது, நியாயமான கேள்வி.

திருத்துவேன், ஆனால் அவள் கடிதத்தின் மேல் இல்லை. என் பதிலில். அவள் 'பநி' என்று எழுதினால், நான் 'பனியா! எங்கே பனி? ஜன்னலில் பனியா?' என்று எழுதுவேன். ஒரே சொல் மூன்று முறை கண்ணில் படும். சில தவறுகள் இதில் போய்விடும், சில போகாது. ண, ன, ந மூன்றும் என் மகளுக்கு ஒன்றரை வருடம் போகவில்லை. அதைத் தனியாக, கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில், உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தோம். கடிதம் எல்லாவற்றையும் சரி செய்யும் என்பவர் பிள்ளை வளர்க்காதவர். எழுதப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் அது சரி செய்யும்.

மார்ச் 20

இன்றைக்குச் சொதப்பல் கதை.

பதில் போட ஆள் போதவில்லை என்று நிலாவின் பெயரில் எழுதினேன். மேகம் மறைத்ததால் நேற்று உன்னைப் பார்க்க முடியவில்லை, அந்த மாதிரி. ஒரு வாரம் அமோகமாகப் போனது. அவள் நிலாவுக்கு நாலு வரி வரை எழுதினாள், பள்ளி நோட்டில் ஒரு வரிக்கு அழுதவள்.

எட்டாம் நாள் சீட்டை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: 'நிலா உன்னை மாதிரியே ழ போடுது.'

நான் ழ-வின் அடிவாலைச் சுருட்டாமல் நீட்டி இழுத்துவிடுவேன், சின்ன வயதுப் பழக்கம். மாட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை, ஆனால் பெட்டியில் இரண்டு வாரம் ஒன்றும் போடவில்லை. அதை அப்போது பெரிய தோல்வியாக நினைத்தேன். இப்போது யோசித்தால், கையெழுத்து ஓர் ஆளுக்கு ஓர் ஆள் மாறும், அதை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று ஒரு 6 வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. பாடம் நடத்தியிருந்தால் ஏறியிருக்காது.

மகன் விஷயத்தில் பொய் சொல்லவில்லை. 'கரடி பொம்மை பேசினால் என்ன சொல்லும், நான் எழுதட்டுமா?' என்று அவனிடமே கேட்டுவிட்டு எழுதினேன். விளையாட்டு என்று தெரிந்தே விளையாடினான். அதே சுகம், மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை.

ஏப்ரல் 2

உண்மையான தபாலில் அனுப்பலாமா என்ற கேள்விக்கு: அனுப்புங்கள், ஆனால் பதில் தாமதமாகும் ஆளுக்கு முதலில் அனுப்பாதீர்கள். நான் செய்த தவறு அது. தொலைவில் இருக்கும் ஒரு நண்பருடைய மகளுக்கு எழுத வைத்தேன். ஆறு வாரம் பதில் இல்லை. 6 வயதுக்கு ஆறு வாரம் என்பது ஓர் ஆயுள். தினமும் கேட்டாள், பிறகு கேட்பதை நிறுத்தினாள். பதில் வந்தபோது யார் இவர் என்றாள்.

பாட்டிக்கு அனுப்பியதுதான் வேலை செய்தது. மறு தபாலில் பதில் போடுவார். அதில் ஒரு போனஸ். என் அம்மா பள்ளியில் படித்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால். ணை, லை, ளை, னை நான்கையும் இன்னும் பழைய மாதிரி, முன்னால் தும்பிக்கை தூக்கித்தான் எழுதுவார். 'வேலை முடிந்தது' என்ற வரியைப் பார்த்துவிட்டு மகள், பாட்டி நடுவில் யானை வரைந்திருக்கிறார் என்றாள். அது யானை இல்லை லை என்று சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டி படித்த காலத்தில் எழுத்துக்கே வேறு உருவம் இருந்தது என்று சொன்னேன். அதன் பிறகு பாட்டிக்கு எழுதும்போது மட்டும் யானை லை, பள்ளியில் சாதா லை. குழப்பம் வரும் என்று பயந்தேன், வரவில்லை. இரண்டு விதமாக எழுதத் தெரிந்த பெருமை அவளுக்கு.

பேச்சு எங்கோ போகிறது, போகட்டும். குழந்தை எழுதிய கடிதம் என்றால் எனக்கு எப்போதும் நினைவு வருவது கிரேஸ் பெடல். 11 வயது. 1860 அக்டோபரில் குடியரசுத் தலைவர் லிங்கனுக்கு எழுதினாள்: உங்கள் முகம் ஒல்லி, தாடி வளர்த்தால் நன்றாக இருக்கும், வளர்த்தால் என் அண்ணன் தம்பிகளை உங்களுக்கு ஓட்டுப் போடச் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது அதில் உள்ள இன்னொரு விஷயம். உங்களுக்கு நேரமில்லை என்றால், மகள் இருந்தால் அவளைப் பதில் போடச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். பதில் வரவேண்டும் என்ற கவலை பாருங்கள்! 15-ஆம் தேதி எழுதிய கடிதத்துக்கு 19-ஆம் தேதியே பதில் எழுதினார். எனக்கு மகள் இல்லை, மூன்று மகன்கள்தான் என்றார். தாடிக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வளர்த்துவிட்டார்.

நண்பரின் மகளுக்கு இதை அனுப்பிக் காட்ட வேண்டும். நான்கு நாள்!

ஏப்ரல் 3

திருத்தம்: அப்போது லிங்கன் வேட்பாளர்தான், தேர்தல் நவம்பரில். ஓட்டுப் பேரம் பேசியதே அதனால்தானே, எழுதும்போது எங்கே போனது என் மூளை.

ஏப்ரல் 19

மகனைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவன் இடது கைக்காரன். எழுதியதை அவன் கையே தேய்த்து அழித்துக்கொண்டு போகும். சட்டைக் கையெல்லாம் பென்சில் கரி. மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைத்து எழுதினான், ஐந்து நிமிடத்தில் கை வலி.

செய்தது மூன்றே வேலை. தாளின் தலைப்பக்கம் வலது பக்கம் சாயும்படி திருப்பி வைத்தோம். பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கச் சொன்னோம், எழுத்து கண்ணுக்குத் தெரிய. மகளுக்கு இடப்பக்கம் உட்கார வைத்தோம், இல்லையென்றால் இருவர் முழங்கையும் இடித்து அதுவே தனி யுத்தம்.

இடதோ வலதோ, பென்சில் துண்டு நல்லது. நீளப் பென்சிலை முஷ்டியால் பிடிக்கலாம், கட்டை விரல் அளவுத் துண்டை மூன்று விரலால் மட்டுமே பிடிக்க முடியும். உடைந்த மெழுகு வண்ணத் துண்டுகளையும் எறியாதீர்கள். கால் தரையில் படவில்லை என்றால் அடியில் ஒரு பலகை. கோடு போட்ட தாளைக் கொடுக்காதீர்கள். வெறும் தாளுக்கு அடியில் அழுத்தமாகக் கோடு போட்ட தாளை வைத்தால் நிழல் மாதிரி தெரியும். எடுத்துவிட்டால் கடிதம் கடிதம் மாதிரி இருக்கும், நோட்டு மாதிரி இருக்காது.

எழுத்தைத் திருப்பிப்போட்டு, கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுதுகிறான் என்று பயந்து இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 6 வயதில் அது சகஜம், அதை மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால் 8 வயதாகியும் குறையவில்லை, எழுதினாலே கை வலிக்கிறது, படிப்பதிலும் தடுமாற்றம் என்றால் கடித விளையாட்டை நம்பி உட்காராமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மே 6

முதலில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பெட்டி வைத்தாராம், மகள் தினமும் போடுகிறாளாம், ஆனால் வெறும் படம். எழுத்தே இல்லை. தோல்வியா என்று கேட்கிறார்.

எதற்குத் தோல்வி? பென்சில் கையில் இருக்கிறது, அழுகை இல்லை. வட்டம் ஏறக்குறைய 3 வயதில் வரும், கூட்டல் குறி 4-இல், சதுரம் அதற்குப் பிறகு, முக்கோணம் 5 வாக்கில். எழுத்தெல்லாம் இந்தக் கோடுகளின் கூட்டுதான். அவள் படம் வரையும்போது ட-வின் மூலையையும் ம-வின் வளைவையும்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பதில் மட்டும் கொஞ்சம் தந்திரமாகப் போடுங்கள். நான் கேட்டது: 'இந்த ஐந்து பேரில் நான் யார்?' அடுத்த நாள் படத்தில் ஒவ்வொரு தலைக்கும் ஓர் அம்புக்குறி, அம்பின் மறுமுனையில் பெயர். என் தலையிலிருந்து புறப்பட்ட அம்பின் முனையில் 'வழுக்கை'. ழு, க், கை மூன்றும் பிழையில்லாமல்.

ஜூலை 1

பெரிய பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு: சர்வதேச அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் ஆண்டுதோறும் கடிதப் போட்டி நடத்துகிறது, 9 முதல் 15 வயது வரை. தலைப்பு அவர்களே கொடுப்பார்கள். என் மகளிடம் சொன்னேன். பதில் வருமா என்றாள். பரிசு வரலாம், பதில் வராது என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

செப்டம்பர் 14

பெட்டி இன்னும் இருக்கிறதா என்று யாரோ கேட்டிருந்தார்கள். இருக்கிறது, மகன் பயன்படுத்துகிறான். மகளுக்கு 9 ஆகிவிட்டது, அவள் போடுவதில்லை. கையெழுத்து? அழகு என்று சொல்ல மாட்டேன். சாய்ந்து ஓடும், ஆனால் படிக்கலாம்.

நேற்று அவள் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'தட்டிவிட்டு வரவும். அப்பாவும்தான்.' எல்லாப் புள்ளியும் இருந்தது.

தட்டினேன். பதில் இல்லை. பென்சில் தேடி எடுத்து, 'வரலாமா' என்று எழுதிக் கதவடியில் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் அதே தாள் திரும்ப வெளியே வந்தது. 'கேள்விக்குறி எங்கே?'